காலை எடுத்தால் கொலை!

போன் அலறியது.

கோட்டு அதைத் தொடவில்லை.

அலறட்டும்... முதல் மணியிலேயே பாய்ந்து எடுத்தால் காத்துக் கிடந்தவன் மாதிரி இருக்கும். எதிர்முனையில் எப்படியும் ஒரு போலீஸ்காரன்தான் இருப்பான். போலீஸ்காரனுக்கு மூளை கிடையாது என்பது அவன் கட்சி. இருந்தாலும் ஜாக்கிரதையாக இருப்பதில் தப்பில்லை.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தான். உதட்டை ஒற்றிக்கொண்டான். சாப்பாட்டு அறைக் கண்ணாடியில் காலரைச் சரிசெய்தான்.

'கோட்டு' என்பது கம்பெனியில் அவனுக்கு வைத்த பெயர். வெயிலோ புழுக்கமோ, கோட்டு இல்லாமல் அவனை யாரும் பார்த்ததில்லை. அந்தப் பெயர் முதன்முதலாகக் காதில் விழுந்தபோது மரியாதை என்று நினைத்துப் பூரித்துப் போனான். உள்ளே சரக்கில்லை, கோட்டு மட்டும்தான் இருக்கிறது என்பதற்காக வைத்த பெயர் என்று அவனுக்கு எவனும் விளக்கவில்லை.

போன் விடுவதாக இல்லை.

எடுத்தான். குரலில் கொஞ்சம் தூக்கத்தைப் பூசினான்.

"ஹலோ... யாரு?"

"சார், மலைப்பாதை ரெண்டாவது வளைவு அவுட்போஸ்ட். ஏட்டு பேசறேன். ஒரு பழைய கார், வெள்ளைக் கலர்... உங்க மாமனாரோடதா?"

"ஆமா, அவர் வண்டிதான். ஏன், என்னாச்சு?"

"சரிவுல கட்டுக்கு அடங்காம போயிடுச்சு சார். மூணாவது வளைவுல..."

"ஐயோ! மாமா...!"

"சார், நான் சொல்றத முழுசா..."

"என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே மாமா...!"

"சார்... சார்...!"

டொக்.

கோட்டு போனை வைத்துவிட்டுச் சிரித்தான்.

மிச்சமிருந்த தேநீரைக் குடித்தான். சூடு ஆறவில்லை. நல்ல சகுனம்!

மனைவியிடம் சொல்ல வேண்டுமா? எழுந்தபோதே அவள் படுக்கையில் இல்லை. தினமும் அப்பாவோடு காலை நடை என்று கிளம்பிவிடுவாள். இன்றைக்குக் கிழவர் காரில் போய்விட்டதால் தனியாக நடந்துகொண்டிருப்பாள். தோட்டத்தில் செடியோடு பேசிக்கொண்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. இப்போது கூப்பிட்டுச் சொன்னால் அழுது ஊரைக் கூட்டுவாள். மூக்கைச் சிந்துவாள். கோட்டு கசங்கும்.

அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். செத்தவர் எங்கே ஓடிவிடப் போகிறார்?

தன் புத்தம்புது காரில் ஏறினான். கிளட்ச் இல்லாத, கியர் மாற்றும் வேலை இல்லாத கார். மூளையைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டலாம். அவனுக்கென்றே செய்தது போல இருந்தது.

மூடுபனி பாதையை விழுங்கியிருந்தது. மெல்ல இறங்கியபடியே நேற்று மதியத்தை நினைத்துப் பார்த்தான்.

சாப்பாட்டு மேஜையில் மாமனார் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்குக் காலைல டவுனுக்குப் போறேன் மாப்ளே. கம்பெனில உங்க நாற்காலிக்கு வேற ஆள் போட்டாச்சு. கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

"என்ன மாமா, திடீர்னு...?"

"திடீர்னா? நீங்க உக்காந்த நாள்ல இருந்து யோசிச்சிட்டிருக்கேன்."

"யாரு மாமா அந்த ஆளு?"

"உக்காந்ததும் நீங்களே போய் ஒரு வணக்கம் வெச்சுட்டு வாங்க."

வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி. கிழவர் ஒரு லேத்து மெஷினில் தொடங்கி வளர்த்தது. நிர்வாக இயக்குநர் என்று பித்தளைப் பலகை மாட்டிய அறை. அந்த அறை போனால் கோட்டு யார்? வீட்டோடு கிடக்கிற மாப்பிள்ளை. சோற்றுக்கும் கோட்டுக்கும் கிழவர் முகத்தைப் பார்க்க வேண்டியவன்!

கிழவர் கையெழுத்துப் போடுவதற்கு முன் போய்ச் சேர்ந்தால்? எல்லாம் மகளுக்கு. மகளுக்கு என்றால் அவனுக்கு. அவளுக்கு என்ன தெரியும்? நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவாள்.

சாயங்காலம் கிழவர் டி.வி.யில் செய்தி பார்க்க உட்கார்ந்தார். சத்தத்தைக் குறைத்து வைத்தால் கரண்ட் மிச்சமாகும் என்று நம்புகிற பிறவி! கோட்டு கார் கொட்டகைக்குப் போனான்.

பிரேக் குழாயை அறுக்கிற உத்தேசம் அவனுக்கு இல்லை. அதெல்லாம் மடையர்கள் வேலை. போலீஸ் முதலில் குனிந்து பார்க்கிற இடமே அதுதான்.

பானெட்டைத் தூக்கினான். அரதப்பழசான பெட்ரோல் எஞ்சின். பெட்ரோலையும் காற்றையும் கலந்து ஊட்டும் கார்புரேட்டரின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்க்ரூ. ஐடில் ஸ்க்ரூ! பெடலில் இருந்து காலை எடுத்ததும் எஞ்சினுக்குக் காற்று போகிற வாசலை ஒரு தகடு மூடும். முழுக்க மூடிவிட்டால் எஞ்சின் மூச்சு முட்டி அணைந்துவிடும். அதனால் ஒரு மயிரிழை திறந்து வைப்பதற்காகத்தான் அந்த ஸ்க்ரூ. அதை உள்ளே முறுக்கினால் வாசல் இன்னும் திறக்கும். எஞ்சின் கத்தும்.

கோட்டு முறுக்கினான். நன்றாகவே முறுக்கினான்.

ஸ்க்ரூவின் தலையில் ஏதோ சிவப்பாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. துரு! சனியன் பிடித்த வண்டி... அதைச் சுரண்டிவிட்டுத்தான் திருப்ப முடிந்தது.

இனி சரிவில் டிரைவர் காலை எடுத்தாலும் எஞ்சின் காலை எடுக்காது. வண்டியைப் பிடித்து இழுக்க வேண்டிய எஞ்சினே பின்னாலிருந்து தள்ளும். கிழவர் பிரேக்கை மிதித்து மிதித்தே இறங்குவார். பிரேக் கொதிக்கும். கொதித்த பிரேக் பிடிக்காது. பாதையில் வளைவுக்குப் பஞ்சமில்லை. பள்ளத்துக்கும்!

ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் கத்துவதை வைத்துக் கிழவர் கண்டுபிடித்துவிட்டால்?

அதையும் யோசித்திருந்தான். குளிர்ந்த காலையில் பழைய வண்டிக்கு, பெட்ரோலைக் கூடுதலாக ஊட்டுகிற சோக் குமிழை இழுத்தாக வேண்டும். சோக் இழுத்தால் எந்த எஞ்சினும் கொஞ்ச நேரம் கத்தும். எஞ்சின் சூடாகி, குமிழை உள்ளே தள்ளி, 'என்ன இது, இன்னும் கத்துகிறதே' என்று கிழவர் யோசிப்பதற்குள் சரிவு தொடங்கிவிடும்.

ராத்திரி படுக்கையில் அவன் போனை நோண்டிக்கொண்டிருந்தபோது மனைவி ஏதோ சொன்னாள். காலையில்... அப்பா... என்று என்னவோ. "ம்" என்றான். அவள் பேச்சுக்கு அவன் கொடுக்கும் அதிகபட்ச விலை அதுதான்.

ரெண்டாவது வளைவு வந்துவிட்டது.

அவுட்போஸ்ட் வாசலில் ஒரு போலீஸ் ஜீப். அதை ஏட்டு முதுகு கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தார். ஜீப் விக்கியது. இருமியது. செத்தது.

"என்னய்யா இது?" என்றான் கோட்டு, துக்கத்தைக்கூட மறந்து.

"நின்னா அணைஞ்சுடுது சார். ஓட விட்டா ஓடுது. காலை எடுத்தா படுத்துக்குது."

"உங்க டிபார்ட்மெண்ட்டு மாதிரியே இருக்கு!"

ஏட்டு சிரித்தார். "உள்ள போங்க சார். அய்யா காத்திருக்காரு."

உள்ளே ஒரே அறை. கண்ணாடி போட்ட மேஜை. கண்ணாடிக்கு அடியில் மஞ்சளடித்த வரைபடம். மூலையில் ஒரு ஹீட்டர் பாதிக் கம்பி மட்டும் சிவந்து எரிந்தது. மேஜைக்குப் பின்னால் ஒரு இன்ஸ்பெக்டர் கைக்குட்டைக்குள் முகத்தைப் புதைத்திருந்தார்.

"ஹச்ச்ச்!"

கைக்குட்டை இறங்கியது. தக்காளிபோல் சிவந்த மூக்கு. நீர் வழியும் கண்கள். பாதித் தூக்கம்.

இவனா விசாரிக்கப் போகிறான்? கோட்டுக்கு நிம்மதி பொங்கியது. பொங்கிய நிம்மதியை அடக்கி, முகத்தைக் கோணலாக்கினான்.

"இன்ஸ்பெக்டர் சார்... எங்க மாமா...!"

"உக்காருங்க சார், உக்காருங்க. மனசத் தேத்திக்கங்க. தண்ணி குடிக்கறீங்களா?"

"அப்பா மாதிரி சார் எனக்கு! பெத்த அப்பா மாதிரி!"

"தெரியுது சார். கோட்டுகூடப் போட்டுக்கிட்டு ஓடி வந்திருக்கீங்களே." இன்ஸ்பெக்டர் மூக்கை உறிஞ்சினார். "வீட்ல சொல்லிட்டீங்களா? உங்க மனைவிக்கு?"

"இன்னும் இல்ல சார். தாங்க மாட்டா. வெகுளி. ஒண்ணும் தெரியாது."

"அவங்க இப்ப எங்க?"

"வீட்லதான்... தோட்டத்துல... எங்கயாவது இருப்பா."

"எங்கயாவது!" இன்ஸ்பெக்டர் தலையாட்டிக்கொண்டார். "சரி, ரெண்டு கேள்வி. எழுதிக்கணுமே... என் பேனா எங்க போச்சு? உங்களுது குடுங்க சார்."

மேஜைமேல் சாய்ந்து, கோட்டின் மார்புப் பையில் செருகியிருந்ததை அவரே உருவிவிட்டார். மூடியைத் திறந்து காகிதத்தில் கிறுக்கினார். எழுதவில்லை. உதறினார். நாக்கில் வைக்கக்கூடப் போய்விட்டார்.

"சார்! அது பேனா இல்ல. ஸ்க்ரூ டிரைவர்!"

"அடடே! பாத்தா பேனா மாதிரியே இருக்கு!"

"எங்க கம்பெனி அன்பளிப்பு. வாடிக்கையாளருக்குக் குடுப்போம். விவரம் தெரிஞ்சவங்களுக்கு மட்டும்."

"அப்ப எனக்குக் கெடைக்காது." இன்ஸ்பெக்டர் அதை வெளிச்சத்தில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு மேஜைமேல் வைத்தார். "சார், நான் படிச்சவன் இல்ல. இந்தக் கார் விஷயமெல்லாம் நமக்கு ஓட்டறதோட சரி. நீங்க அந்தத் தொழில்லயே இருக்கீங்க. எப்படி ஆகியிருக்கும்? நீங்களே சொல்லுங்க."

கோட்டு நாற்காலியில் நிமிர்ந்தான். பாடம் நடத்தச் சொல்லி ஒருத்தன் கேட்கிறான்! கம்பெனியில் யாரும் கேட்டதில்லை. இவனாக நடத்துவான், அவர்கள் கொட்டாவி விடுவார்கள்.

"எங்க மாமா..." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "இறந்தவங்களப் பத்திச் சொல்லக்கூடாது. ஆனா கடைஞ்செடுத்த கஞ்சன் சார்!"

"ஓ... அப்ப பெட்ரோல மிச்சம் பிடிக்க, இறக்கத்துல நியூட்ரல்ல விட்டுட்டாரோ?"

போலீஸ்காரனே வழி காட்டுகிறான். கோட்டு பாய்ந்து பிடித்துக்கொண்டான்.

"அதேதான் சார்! நூறு தடவ சொல்லியிருப்பேன். மாமா, நியூட்ரல்ல விடாதீங்க, எஞ்சின் பிடிப்புப் போயிடும்னு. கேட்டாத்தானே!"

"எஞ்சின் பிடிப்பா? எஞ்சின் தள்ளத்தானே செய்யும். அது எங்க சார் பிடிக்கும்?"

கோட்டு பரிதாபமாகப் பார்த்தான். இந்த நாட்டில் யாரெல்லாம் இன்ஸ்பெக்டர்!

"உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உங்க மூக்கு இப்ப எப்படி இருக்கு?"

"அடைச்சிருக்கு சார்."

"அடைச்ச மூக்கோட ஓடச் சொன்னா?"

"ஓட முடியாது. மூச்சுத் திணறும்."

"பெட்ரோல் எஞ்சினும் அப்படித்தான். கியர்ல இருக்கும்போது காலை எடுத்தா அதோட மூக்கு அடைஞ்சுடும். சக்கரம் அதச் சுத்தச் சொல்லும். அது காத்த இழுக்கப் பாக்கும். காத்து கெடைக்காது. அந்தத் திணறல்தான் வண்டியப் பின்னால பிடிச்சு இழுக்குது. நியூட்ரல்ல போட்டா சக்கரம் வேற, எஞ்சின் வேற. பிடிக்க ஆள் இல்ல."

"அடேயப்பா! என் ஜலதோஷத்துலயே ஒரு பாடமா!" இன்ஸ்பெக்டர் வாயைப் பிளந்தார். ஒரு தும்மல் போட்டார். பிறகு நெற்றியைச் சொறிந்தார். "ஆனா ஒரு சிக்கல் சார்... வண்டி செகண்ட் கியர்ல இருந்துச்சு."



"செகண்ட்லயா?"

"செகண்ட்லதான். அப்பப் பிடிச்சிருக்கணுமே?"

"பிரேக்... பிரேக் போயிருக்கும் சார்."

"மெக்கானிக் பாத்துட்டார். கருகின வாடை வருதாம், மத்தபடி குழாய் எல்லாம் சரியா இருக்காம்." இன்ஸ்பெக்டர் அலுப்போடு எழுந்தார். "நமக்கு இது ஒத்துவராது சார். மேலிடத்துக்கு எழுதிப் போட்டுடறேன். டவுன்ல இருந்து நிபுணருங்க வருவாங்க. எஞ்சினைத் துண்டு துண்டாக் கழட்டி, ஒவ்வொண்ணாப் பாத்து..."

"வேண்டாம்!"

குரல் கொஞ்சம் ஓங்கிவிட்டது. கோட்டு அவசரமாகத் தணித்தான்.

"அதில்ல சார்... அவர் வண்டிய உயிரா வெச்சிருந்தார். அதப் பிரிச்சுப் போட்டா அவர் ஆத்மா தாங்காது. நானே சொல்றேன். இது ரொம்பச் சின்ன விஷயம்."

"சொல்லுங்க சார். உங்களால எனக்கு ஒரு வேலை மிச்சம்."

"கார்புரேட்டர்ல ஐடில் ஸ்க்ரூன்னு ஒண்ணு இருக்கு. வண்டி நிக்கும்போது எஞ்சின் அணையாம இருக்க, மூக்கு முழுசா அடையாம பாத்துக்கற ஸ்க்ரூ. பழைய வண்டி. குலுங்கிக் குலுங்கி அது தானா லூசாயிருக்கும். லூசானதும் ஐடில், அதாவது காலை எடுத்தப்புறம் எஞ்சின் சும்மா ஓடற வேகம், எகிறியிருக்கும். அப்புறம் என்ன? மாமா காலை எடுத்திருப்பார்... எஞ்சின் காலை எடுத்திருக்காது. செகண்ட் என்ன, ஃபர்ஸ்ட்ல போட்டாலும் தள்ளத்தான் செய்யும். யார் தப்பும் இல்ல. விதி!"

"லூசாச்சு... ஐடில் ஏறிச்சு..." இன்ஸ்பெக்டர் பள்ளிப்பிள்ளை போல ஒப்பித்தார். "சரியா சார்? மாத்திச் சொல்ல மாட்டீங்களே?"

"நூத்துக்கு நூறு! சின்னப் புள்ளையக் கேட்டாலும் இதத்தான் சொல்லும்."

"ஏட்டு!"

ஏட்டு கையைத் துணியில் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஜீப்புக்கு என்னய்யா நோவு?"

"அதே பழைய நோவுதான் அய்யா. ஐடில் ஸ்க்ரூல ஸ்பிரிங்கு போயிடுச்சு. குலுங்கற குலுங்கல்ல லூசாயி வெளிய வந்துடுது."

"லூசானா எஞ்சின் என்ன செய்யுது? கத்துதா?"

"எங்க கத்தும்? மூக்கு அடைஞ்சு படுத்துடுது. அதானே காலைல இருந்து தள்றேன்!"



இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். அந்தக் கண்களில் இருந்த தூக்கத்தையும் கூடவே மடித்து வைத்துவிட்டார் போலிருந்தது.

"தானா லூசான ஸ்க்ரூ வெளியதான் வரும் சார். உள்ள போகாது. ஐடில் இறங்கும், எகிறாது. எகிறணும்னா ஒருத்தன் முறுக்கணும். கையால. இதோ... இந்த மாதிரி ஒண்ணை வெச்சு." பேனா ஸ்க்ரூ டிரைவரை விரலால் உருட்டினார். "சார் உதிரிபாகக் கம்பெனி எம்.டி. எந்தப் பக்கம் திருப்பினா என்ன ஆகும்னு சாருக்குத் தெரியாதா? தெரியும். முட்டாள் போலீஸ்காரனுக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டீங்க."

"நான்... ஒரு ஊகமா..."

"ஐடில் எகிறிச்சுன்னு உங்களுக்கு யார் சொன்னது? ஏட்டு போன்ல சொன்னாரா?"

"நீங்கதான்..."

"நான் நியூட்ரல்னேன். கியர்னேன். ஐடில்னு என் வாயில வரவே இல்ல."

வியர்வை. இந்தக் குளிரில்! கோட்டின் கழுத்துப்பட்டை ஈரமாகியது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

வெளியே... மூடுபனிக்குள்ளிருந்து... ஒரு கார் மேடேறி வந்து நின்றது. அணையவில்லை. வாசலிலேயே நின்றபடி ஓடியது.

டுப்... டுப்... டுப்... டுப்...

நிதானமான, சீரான, கிழட்டு ஐடில்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதெல்லாம் அவன் காதைக் குடைகிற சத்தம். பள்ளத்தில் நொறுங்கிக் கிடக்க வேண்டிய சத்தம்!

"இல்ல..." கோட்டு எழுந்தான். நாற்காலி விழுந்தது. "அது... அந்த வண்டி..."

கதவு திறந்தது.

முதலில் வந்தவர் மாமனார். மப்ளர், குரங்குக் குல்லாய், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

"மாப்ளே! அழுதீங்களாமே? ஏட்டு சொன்னாரு. காது குளிர்ந்துடுச்சு."

"மா... மாமா... நீங்க உயிரோட...?"

"பாத்தீங்களா!" இன்ஸ்பெக்டர் மேஜையைத் தட்டினார். "இந்தக் கேள்விக்காகத்தான் சார் இவ்வளவு நேரம் காத்துக்கிட்டிருந்தேன். மூணாவது வளைவுல நின்னுடுச்சுன்னு ஏட்டு சொல்ல வந்தார். நீங்க கேக்காம ஒப்பாரி வெச்சீங்க. இங்க வந்து ஆத்மா வரைக்கும் போயிட்டீங்க. ஆனா 'எங்க மாமா உசுரோட இருக்காரா'ன்னு ஒரு வார்த்தை கேக்கல. யாரும் செத்துட்டார்னு சொல்லவும் இல்ல."

கோட்டு கிழவரைப் பார்த்தான். கிழவர் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

கார்ச் சாவி வளையத்தை ஆள்காட்டி விரலில் மாட்டிக்கொண்டு நின்றாள் அவன் மனைவி.

"நீயா...? நீ எப்படி இங்க?"

"நான்தான் வண்டிய ஓட்டினேன்."

"நீ? உனக்குக் கிளட்ச் எது, பிரேக் எதுன்னு...!"

"அப்பா ரொம்ப நாளா சொல்லிக் குடுக்கறார். காலைல நடக்கப் போறோம்னு நெனச்சீங்க. நாங்க சொல்லல, நீங்களா நெனச்சுக்கிட்டீங்க." குரல் நடுங்கவில்லை. "நேத்து ராத்திரி சொன்னேனே, காலைல அப்பாகூட நான் போறேன், நான்தான் ஓட்டப் போறேன்னு. நீங்க 'ம்'னீங்க."

கோட்டு வாயைத் திறந்தான். 'ம்' கூட வரவில்லை.

"சோக்...!" கடைசியில் அவன் வாயிலிருந்து தப்பித்து வந்த வார்த்தை அதுதான்.

"சோக்கா?" கிழவர் முகம் சுளித்தார். "அந்தக் குமிழை நான் தொட்டே பல வருஷம் ஆச்சு. இழுத்தா பெட்ரோலை மடக் மடக்னு குடிக்கும். என் வண்டி தெனமும் இருமி, நாலு தடவ செத்து, அப்புறம்தான் பொழைக்கும். நீங்க ஒரு நாளாவது சீக்கிரம் எந்திரிச்சிருந்தா தெரியும். இன்னிக்கு முதல் தடவ சாவியத் திருப்பினதுமே புலி மாதிரி உறுமிச்சு. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு, எவ்வளவு பெட்ரோல் போகுதோன்னு! நிறுத்தும்மான்னு சொல்றதுக்குள்ள கேட்டைத் தாண்டிட்டா. தாண்டினா சரிவு."

"காலை எடுத்தேன், வேகம் குறையல," என்றாள் அவள், இன்ஸ்பெக்டரைப் பார்த்து. கணவனைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை. "பிரேக்கை மிதிச்சேன். எஞ்சின் எதிர்த்துத் தள்ளுது. ரெண்டு வளைவு எப்படியோ திருப்பினேன். அதுக்குள்ள கருகற வாடை. உடனே செகண்ட்ல போட்டு, சாவிய ஒரு படி மட்டும் திருப்பி எஞ்சினை அணைச்சேன். முழுசாத் திருப்பினா ஸ்டியரிங் பூட்டிக்கும். கிளட்சைத் தொடல, கியரை விடல. அணைஞ்ச எஞ்சினை சக்கரம் இழுத்துச் சுத்த முடியாம தெணறிச்சு. மிச்சமிருந்த பிரேக்கும் அப்புறம்தான் பிடிச்சுது. தடுப்புச் சுவர் பம்பர்ல முட்டற தூரத்துல நின்னோம்."

"நின்னதும் நான் பானெட்டைத் தெறந்தேன்," என்றார் கிழவர். "பாத்தா, என் சிவப்புப் புள்ளியக் காணோம்!"

"சிவப்பு...?" என்றான் கோட்டு.

"ஐடிலைச் சரியா வெச்சுட்டு ஸ்க்ரூ தலையில நக பாலிஷ் ஒரு சொட்டு வெச்சிருந்தேன். எவனாவது திருப்பினா தெரியணுமே. ஒர்க்‌ஷாப்புக்காரங்களை நம்பலாம்... வீட்டுக்காரங்களை எப்படி நம்பறது? மக பாலிஷ்தான். தீந்துபோன புட்டியில வழிச்சு எடுத்தது. மெக்கானிக் பாத்து முடிச்சதும் ஸ்க்ரூவப் பழைய இடத்துக்கே திருப்பி வெச்சுட்டேன்."

இன்ஸ்பெக்டர் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஹீட்டர் வெளிச்சத்தில் காட்டினார். மெல்லிய முனையில் பளிச்சென்று ஒரு சிவப்புத் துணுக்கு.

மனைவியின் நகங்களிலும் அதே சிவப்பு. கல்யாணமான நாளில் இருந்து அதே நிறம். கோட்டு இன்றுதான் பார்த்தான்.

அவன் கதவை நோக்கிப் பாய்ந்தான். வாசலில் ஏட்டு நின்றார். நகரக்கூட இல்லை. கோட்டே அவர் மேல் மோதி, தானே கீழே உட்கார்ந்தான்.

"ஒருத்தருக்குக் குழி வெட்டி, ரெண்டு பேரைத் தள்ளப் பாத்தீங்க," என்றார் இன்ஸ்பெக்டர். "ரெண்டு கொலை முயற்சி. ஏட்டு, கூட்டிட்டுப் போய் ஜீப்புல ஏத்து."

"ஜீப்பு ஸ்டார்ட் ஆவல அய்யா."

"அவரையே தள்ளச் சொல்லு. காலை எடுத்தா நிக்கற வண்டி... சாருக்குப் பாடம் நல்லாப் புரியும்."

கோட்டு திரும்பினான். மனைவியைப் பார்த்தான். கல்யாணத்துக்குப் பிறகு முதல் முறையாக அவளிடம் எதையோ கேட்க வேண்டியிருந்தது.

"இதப் பாரு... நான் உன்னக் கொல்ல நெனைக்கல. சத்தியமா! நீ அதுல இருப்பேன்னு எனக்குத் தெரியாது! நம்பு! நான்..."

அவள் பனிக்கு இழுத்துப் போர்த்தியிருந்த சால்வையைச் சரிசெய்தாள்.

"ம்," என்றாள்.

அவ்வளவுதான்.

கோட்டுக்கு வேறொன்று உறைத்தது. கிழவர் பக்கம் திரும்பினான்.

"மாமா... அந்த நாற்காலி... புது எம்.டி...?"

"உங்க எதிர்லதான் நிக்கறா. கையெழுத்துப் போடத்தான் கிளம்பினோம். வணக்கம் வெச்சுட்டுப் போங்க."

ஏட்டு அவன் தோளைப் பிடித்துத் தூக்கினார். இரண்டடி வைத்திருப்பார்கள்.

"ஏட்டு, ஒரு நிமிஷம்!" என்றார் கிழவர்.

கோட்டின் கண்ணில் நம்பிக்கை மின்னியது. கிழவர் மன்னிக்கப் போகிறாரா?

கிழவர் நெருங்கி வந்தார். கோட்டுத் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். பொத்தானைக் கழற்றினார். கையை உருவினார். மடித்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"கம்பெனிச் செலவுல தச்சது. இப்பக் கூட்டிட்டுப் போங்க."

சட்டையோடு நின்றவன் குளிரில் வெடவெடவென்று நடுங்கினான். கோட்டு இல்லாமல் பார்த்தால் ஆளே இல்லை.

வாசலில் அந்தப் பழைய வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டுப்... டுப்... டுப்... டுப்...

கிழவர் காதைத் தீட்டினார். முகம் வெளிறியது. காலையிலிருந்து முதல் முறையாக உண்மையிலேயே பதறிப்போனார்.

"அடிப்பாவி மகளே! வண்டிய ஸ்டார்ட்லயே விட்டுட்டு வந்துட்டியா? இவன் மூஞ்சியப் பாக்கறதுக்கெல்லாம் என் பெட்ரோலா செலவாகணும்... ஆஃப் பண்ணும்மா!"